எரியாத இஞ்சினைத் தங்கைக்குக் கொடுத்தேன்

1

நான் பிரான்சுக்கு வந்து இந்த வருடத்தோடு இருபது வருடம் முடிகிறது. காரைக்காலில் சின்னதாகப் பத்திரிகை நடத்தும் நண்பர் ஒருவர், "இருபது வருச அனுபவத்த எழுதுங்களேன், நம்ம சனங்க படிக்கட்டும்" என்று கேட்டார். பனி, ரயில், ரொட்டிக்கடை என்று ஏதாவது எழுதிக் கொடுத்துவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். நாலு நாளாக ஒரு வரி ஓடவில்லை. மனசில் வேறொன்று சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறது. அதை இறக்கி வைக்காமல் பனியைப் பற்றி எழுதினால் அது சுத்தப் புளுகு. நான் புளுகியது போதும்.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். விழிதியூர்க்காரன். பெயர் இளங்கோவன். பாலிடெக்னிக் முடித்துவிட்டு வேலை இல்லாமல் சைக்கிள் மிதித்துக்கொண்டிருந்தவனுக்கு, காரைக்காலில் ஒரு சொல்தா வீட்டில் பெண் கொடுத்தார்கள். அவளுடைய தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சிப்பாயாக இருந்தவர், அதனால் வீட்டில் எல்லோருக்கும் பிரெஞ்சுக் குடியுரிமை. கஸ்தூரியைக் கட்டினேன், விமானம் ஏறினேன். இப்போது பாரிசுக்கு வடக்கே ஒரு புறநகரில் அடுக்குமாடி வீடுகளின் கொதிகலன்களைப் பழுது பார்க்கிறேன். குளிர்காலத்தில் யார் வீட்டிலாவது கொதிகலன் பற்றவில்லை என்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். பற்றாததைப் பற்ற வைப்பதுதான் என் பிழைப்பு. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் என்னைத் திட்ட வசதியாக இருக்கும்.

பொழுதுபோக்கு, மாடல் விமானம். சும்மா பொம்மை இல்லை. டிபன் கேரியரின் இரண்டு தட்டு அளவுக்கு ஒரு குட்டி ஜெட் இஞ்சின், நிஜ ஜெட் மாதிரியே ஊளையிட்டுக்கொண்டு பறக்கும். அதற்கென்று ஒரு கிளப் இருக்கிறது. மார்ச் மாதத்தில் அங்கே பழைய சாமான் விற்பனை நடக்கும். அவரவர் ஒரு மேசை போட்டு, தனக்கு வேண்டாத இறக்கை, மோட்டார், பேட்டரி எல்லாம் பரப்பி வைப்போம். இந்த வருடம் நான் காப்பிக் கோப்பையோடு சுற்றிக்கொண்டிருந்தபோது, கிளப்பின் மூத்த உறுப்பினர் ஒருவர் நிறுத்தினார். எண்பதை நெருங்கும் வயது, ஓய்வு பெற்ற ரயில்வே மெக்கானிக்.

"போன வருடம் பற்றாத இஞ்சின் ஒன்று வைத்திருந்தாயே, யார் வாங்கினார்கள்?"

"யாரும் வாங்கவில்லை. ஊரில் என் தங்கைக்குக் கொடுத்துவிட்டேன்."

"அடடே! அந்தக் கோளாறைச் சரிசெய்யத் தெரிந்தவரா உன் தங்கை? கெட்டிக்காரிதான்."

ஆமாம் என்று தலையாட்டினேன். பக்கத்தில் என் மகள் தாரிணி நின்றிருந்தாள். பதினாறு வயது. அவள் என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

2

இந்த இஞ்சின் எப்படிப் பற்றும் என்று சொன்னால்தான் நான் செய்த காரியம் விளங்கும். பொத்தானை அழுத்தினால் முன்னால் உள்ள சின்ன மோட்டார் இஞ்சினைச் சுழற்றும். உள்ளே குளோ பிளக் என்று ஒன்று, அதாவது ஒரு பொடிக் கம்பிச் சுருள், மின்சாரத்தில் பழுக்கும். சுருள் ஆரஞ்சு நிறமாகப் பழுத்ததும் கேஸ் உள்ளே வரும், 'பொஃப்' என்று பற்றும். சூடு ஏறியதும் டீசல் தானாக வந்து சேர்ந்துகொள்ளும். அவ்வளவுதான். இதையெல்லாம் வரிசையாக நடத்துவது தீப்பெட்டி அளவில் ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி.

என் பழைய இஞ்சினில் அந்தப் பெட்டிக்குத்தான் நோய். குளிர்ந்திருக்கும்போது ஒழுங்காக வேலை செய்யும். கொஞ்சம் சூடானால் பிளக்குக்குப் போகிற மின்சாரத்தைக் குறைத்துவிடும். சுருள் ஆரஞ்சிலிருந்து மங்கிய சிவப்புக்கு வந்துவிடும். அந்தச் சிவப்பில் கேஸ் பற்றாது. இதைக் கண்டுபிடிக்க எனக்கே ஒரு முழு வேனில்காலம் பிடித்தது. பிளக்கை மாற்றினேன், பேட்டரியை மாற்றினேன், குழாயில் காற்றுக்குமிழி இருக்கிறதா என்று பார்த்தேன். கடைசியில் மீட்டரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தபோதுதான் பெட்டி மாட்டிக்கொண்டது. பெட்டியைத் திறந்து ஈயம் வைத்துச் சால்டரிங் வேலையெல்லாம் செய்து பார்த்தேன், சரிவரவில்லை.

போன வருட விற்பனை நாளில் அதை என் மேசையில் வைத்தேன். கிளப்பில் ஒரு வழக்கம் உண்டு. கோளாறு உள்ள சாமானை விற்றால் கோளாறை ஒரு ஒட்டுத்தாளில் எழுதி அதன்மேலேயே ஒட்ட வேண்டும். யாரும் சட்டம் போடவில்லை. ஆனால் ஒட்டாமல் விற்றவனோடு அப்புறம் ஒருவரும் காப்பி குடிக்க மாட்டார்கள். நானும் எழுதினேன். இருபது வருடமானாலும் என் பிரெஞ்சு எழுத்து நொண்டிதான். தாரிணி எட்டிப் பார்த்து, "பப்பா, நாலு வார்த்தையில் மூணு தப்பு" என்று சிரித்துவிட்டு வேறு தாளில் அழகாக எழுதிக் கொடுத்தாள். 'சூடானால் பற்றாது. கட்டுப்பாட்டுப் பெட்டியில் கோளாறு.'

ஒருவரும் வாங்கவில்லை. அந்த வாரமே ஊரிலிருந்து தங்கை கூப்பிட்டாள்.

தங்கை பெயர் மலர்விழி. நாங்கள் மலரு என்போம். திருநள்ளாறு ரோட்டில் ஒரு தனியார் பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் லேபில் பயிற்றுநர். எட்டு வருடமாக ஒப்பந்த வேலை. "வர்ற கமிட்டி லேப பாத்துட்டு மூணு பேர நெரந்தரம் பண்ணப் போறாங்கண்ணே. எங்க லேப்ல இருக்கறது பூரா உள்ள தெரியற மாதிரி வெட்டி வச்ச இஞ்சினு, ஒண்ணும் ஓடாது. நீ வச்சிருக்கியே குட்டி ஜெட்டு, அது மாதிரி ஒண்ணு ஓடுறத காட்டினா எம் பேரு கண்டிப்பா வந்துரும். பழசு ஏதும் கெடச்சா சொல்லேன்."

"என்கிட்டயே ஒண்ணு இருக்கு மலரு" என்றேன். யோசிக்கவே இல்லை. வாய் முந்திக்கொண்டது.

இதற்கு இன்னொரு காரணமும் உண்டு, அதையும் கக்கிவிடுகிறேன். எனக்குப் புது இஞ்சின் மேல் ஒரு கண். வீட்டில் இரண்டு இஞ்சின் எதற்கு என்று கஸ்தூரி விட மாட்டாள். "பழசத் தங்கச்சிக்குக் குடுத்துடறேன்" என்றதும், "மலருக்குன்னா சரி" என்று உடனே சம்மதித்துவிட்டாள். ஆக, தங்கைக்குக் கொடுத்த மாதிரியும் ஆயிற்று, எனக்குப் புதிது வந்த மாதிரியும் ஆயிற்று.

சூட்கேஸ் கட்டிய அன்று அந்த ஒட்டுத்தாளை நகத்தால் சுரண்டி எடுத்தேன். பசை போகவில்லை, ஸ்பிரிட் போட்டுத் துடைத்தேன். தாரிணி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அத்தைக்குத் தெரியுமா?" என்று பிரெஞ்சில் கேட்டாள்.

"அத்தைக்குச் சரிபண்ணத் தெரியும்" என்றேன்.

தோளைக் குலுக்கிவிட்டுப் போய்விட்டாள். முன்பின் தெரியாதவனுக்கு விற்க எழுதி ஒட்டினேன். கூடப்பிறந்தவளுக்குக் கொடுக்கச் சுரண்டி எடுத்தேன். என்ன மனுசன் நான்!

3

ஆகஸ்டில் ஊருக்கு வந்தோம். விழிதியூர் வீட்டில்தான் தங்கை குடும்பம் இருக்கிறது. அங்கே ஏசி இல்லை, தாரிணிக்கு வெக்கை தாங்காது என்று சொல்லித் திருநள்ளாற்றில் லாட்ஜ் எடுத்தேன். மலரு வாசலிலேயே நின்று, "நம்ம வீடு இருக்கறப்ப லாட்ஜா?" என்று கேட்டாள். கோபம் இல்லை, வருத்தம்தான். "ரெண்டு நாள்தானே" என்று சமாளித்தேன். பத்து நாள் இருந்தோம்.

சாமானும் என்னோடு லாட்ஜில்தான் இருந்தது. காலையில் ஏசி அறையிலிருந்து ஜில்லென்று எடுத்து, துண்டில் சுற்றி, நேராகக் கல்லூரிக்குக் கொண்டுபோனேன். லேபுக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் ஒரு இரும்பு மேசையில் இஞ்சினை இறுக்கிக் கட்டினோம். மாப்பிள்ளை, அதாவது மலருவின் கணவர், கீழவாஞ்சூர் துறைமுகத்தில் எடைமேடை வேலை பார்க்கிறவர், அன்றைக்கு லீவு போட்டுவிட்டு நனைத்த சாக்கோடு நின்றார். "மச்சான், வெடிச்சா கோணிய எது மேல போடணும், அது மேலயா ஒங்க மேலயா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள்.

பொத்தானை அழுத்தினேன். இந்த வெயிலில் பற்றாது என்றுதான் மனசுக்குள் நினைத்திருந்தேன். பற்றாவிட்டால் அங்கேயே கோளாறைச் சொல்லிவிடலாம், அதுவும் ஒரு வழி. என் போதாத காலம், முதல் தடவையிலேயே பற்றிக்கொண்டது. ஏசிக் குளிர் பெட்டியை விட்டு இன்னும் போகவில்லை, அதுதான் விஷயம். இஞ்சின் சுருதி ஏறி ஊளையிட்டது. மரத்திலிருந்து காக்கைகள் எல்லாம் பறந்தன. மலரு இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். கண்ணில் தண்ணீர்.

"எங்கண்ணன் குடுத்துச்சு" என்று, பார்க்க வந்திருந்த கல்லூரி முதல்வரிடம் சொன்னாள். மூன்று தடவை சொன்னாள்.

அலுவலகத்தில் நன்கொடைப் படிவம் ஒன்று கொடுத்தார்கள். நாலு பக்கம். கொடுப்பவர் பெயர், தந்தை பெயர், பொருளின் விவரம், எந்த நாடு. கடைசியில் 'பொருளின் நிலை' என்று ஒரு கட்டம். எழுத்தர் பேனாவை நீட்டி, "நல்ல நிலைன்னு எழுதுங்க சார், எல்லாரும் அப்படித்தான் எழுதுவாங்க" என்றார். 'நன்றாக இயங்குகிறது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். என் கண் முன்னாலேதானே இயங்கியது, அப்புறம் என்ன என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எழுத்தர் அதன்மேல் ரப்பர் முத்திரை குத்தினார்.

4

செப்டம்பரில் ஆரம்பித்தது. ஞாயிற்றுக்கிழமை எனக்கு மத்தியானம், அவளுக்குச் சாயங்காலம். வாட்ஸ்அப்பில் வீடியோ போட்டுக் கூப்பிடுவாள். "அண்ணே, பத்த மாட்டேங்குது."

நான் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு வைத்தியம் சொல்வேன். பிளக்கைக் கழற்றி, சுருளை ஊசியால் ஒரு நூலளவு வெளியே இழு. இழுப்பாள். கேஸ் குப்பியை ஆட்டிப் பார். ஆட்டுவாள். குழாயில் குமிழி இருக்கா? இல்லை என்பாள். எல்லாம் சரியான வைத்தியம்தான், கொதிகலன் கம்பெனியில் புதிதாகச் சேருகிறவனுக்கு நான் சொல்லிக் கொடுக்கிற வரிசை. அந்த ஒன்றைத் தவிர எல்லாவற்றையும் சொன்னேன். பூட்டைத் திறக்கத் தெரியாதவனுக்குச் சன்னலைத் துடைக்கச் சொன்ன கதைதான்.

அக்டோபரில் ஒருநாள் அவளே கண்டுபிடித்துவிட்டாள்.

"அண்ணே, நான் ஒண்ணு கவனிச்சேன். பிளக்க வெளிய வச்சே பாத்தேன். மொதல்ல ஆரஞ்சா எரியுது. ரெண்டு தடவ போட்டப்புறம் செவப்பா மங்கிப் போவுது. அந்தக் கட்டுப்பாட்டுப் பெட்டிதான் கரண்ட கொறைக்குதோ? மீட்டர் வச்சுப் பாக்கட்டுமா?"

எனக்கு ஒரு வேனில்காலம் பிடித்தது. அவளுக்கு ஐந்து வாரம். யார் கெட்டிக்காரர் என்று பாருங்கள். அந்த நிமிடம், "ஆமாம் மலரு, அதேதான்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் தெரியாமல் கொடுத்த மாதிரியே போயிருக்கும். அதைக்கூடச் செய்யவில்லை. பெட்டியைத் திறந்தால் உள்ளே நான் செய்த சால்டரிங்கைப் பார்த்துவிடுவாளே என்ற பயம்.

"அதெல்லாம் வேணாம், பெட்டியத் தொறக்காத, பாழாயிடும். பேட்டரி வீக்கா இருக்கும், புதுசு வாங்கு" என்றேன்.

"அப்படியாண்ணே? ஒனக்குத் தெரியாததா" என்றாள். தன் கண்ணால் பார்த்ததை விட்டுவிட்டு என் பேச்சை எடுத்துக்கொண்டாள். நாகப்பட்டினம் வரை போய்ப் பேட்டரி வாங்கி வந்தாள்.

அந்த நாட்களில்தான் தாரிணி அத்தையோடு பேசுவதை நிறுத்தினாள். மலரு ஒவ்வொரு வாரமும் "பாப்பாவக் குடு" என்பாள். தாரிணி குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். "படிப்பு ஜாஸ்தி" என்பேன். பிள்ளைகள் இப்படித்தான், ஊர்ப் பாசம் விட்டுப்போகிறது, இந்த நாட்டுத் தண்ணீர் அப்படி என்று கஸ்தூரியிடம் புலம்பினேன். கிளப்பில் இருக்கும் தமிழ் நண்பரிடமும் புலம்பினேன். நன்றாகவே புலம்பினேன்.

பிப்ரவரியில் கமிட்டி வந்தது. காரைக்கால் வெயில், மரத்தடியில் நாலு நாற்காலி, அதிகாரிகள், மலரு பட்டுப்புடவையில். முந்தின நாள் என்னோடு ஒரு மணி நேரம் பேசி எல்லாவற்றையும் ஒத்திகை பார்த்திருந்தாள். ஆறு தடவை பொத்தானை அழுத்தினாளாம். ஆறு தடவையும் காற்றுதான் சுற்றியது. ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு எழுந்தாராம்.

"நாந்தான் எங்கயோ தப்பு பண்ணிட்டேண்ணே" என்று அன்றைக்குப் போனில் அழுதாள். "நீ ஓட்டுனப்ப எவ்வளவு ஜோரா ஓடுச்சு. ஒங் கைராசி எனக்கு வரல." லேபில் ஒரு கோளாறுப் பதிவேடு இருக்கிறது. அதில் காரணம் எழுதச் சொன்னார்களாம். 'இயக்கியவர் தவறு' என்று எழுதித் தானே கையெழுத்துப் போட்டிருக்கிறாள். வேறு இரண்டு பேர் நிரந்தரமானார்கள். இவள் பெயரை நிறுத்தி வைத்துவிட்டார்கள்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பரவால்ல விடு மலரு, அடுத்த தடவ பாத்துக்கலாம்" என்றேன். ஆறுதல் வேறு!

5

மார்ச் விற்பனை நாளுக்கு வருகிறேன். பெரியவர் கேட்டார், நான் தலையாட்டினேன், தாரிணி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். திரும்பி வரும்போது காரில் நாங்கள் இருவர் மட்டும். சிவப்பு விளக்கில் நிற்கும்போது கேட்டேன், அதுவும் குத்தலாக.

"அத்த ஒங்கிட்டப் பேசணும்னு வாரா வாரம் கேக்குறா. ஊரும் வேணாம், ஒறவும் வேணாம்னு ஆயிருச்சா ஒனக்கு?"

அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு பிரெஞ்சில் பதில் சொன்னாள். தமிழில் எழுதுகிறேன்.

"அந்த இஞ்சினைப் பற்றி அத்தை என்னிடம் கேட்டால் நான் என்ன சொல்வது? அந்தத் தாளை எழுதியது நான்தான். பொய் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் உன்னைக் காட்டிக்கொடுக்க வேண்டும். அதனால்தான் பேசவில்லை."

விளக்கு பச்சையானது. பின்னால் ஹாரன் அடித்தார்கள். ஐந்து மாதமாக இந்த நாட்டைத் திட்டிக்கொண்டிருந்தேனே, பிள்ளையை உறவிலிருந்து பிரித்தது நாடு இல்லை, நான்.

வீட்டுக்கு வந்ததும் சட்டைகூட மாற்றவில்லை, மலருவைக் கூப்பிட்டேன்.

"என்னண்ணே, இன்னிக்கி நீயே கூப்புடுற? பாப்பா நல்லாருக்கா?"

"மலரு, ஒண்ணு சொல்லணும். இஞ்சின் ஒங்கிட்ட வந்து கெட்டுப்போகல. இங்கயே கெட்டுப்போய்த்தான் இருந்துச்சு. அந்தப் பெட்டிதான். தெரிஞ்சேதான் குடுத்தேன்."

பின்னணியில் மாப்பிள்ளை டிவியில் ஏதோ செய்தி கேட்டுக்கொண்டிருந்தார். அப்புறம் அவள் குரல், மெதுவாக.

"கம்பி மங்குதுன்னு நான் சொன்னேனே, அன்னிக்கு ஒனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"பேட்டரி வாங்கச் சொன்னியே, அன்னிக்கு?"

"தெரியும்."

"கமிட்டிக்கு மொத நாளு ஒரு மணி நேரம் பேசுனோமே?"

"தெரியும் மலரு."

"நான் அழுதப்ப?"

"அப்பவும் தெரியும்."

"ஏண்ணே?" என்றாள். திட்டியிருந்தால் தேவலை.

புது இஞ்சின் ஆசையைச் சொன்னேன், பெருமைக்குச் செய்ததைச் சொன்னேன், தாரிணி காரில் கேட்டதைச் சொன்னேன். காலேஜுக்கு எழுதிப் பதிவேட்டை மாற்றச் சொல்கிறேன் என்றேன்.

"வேணாம். எனக்கு ஓட்டத் தெரியலன்னு எழுதியிருக்கறத அவங்க ஒரு வருசத்துல மறந்துருவாங்க. எங்கண்ணன் தெரிஞ்சே ஏமாத்துச்சுன்னு எழுதுனா, அதப் படிக்கிறவங்க முன்னாடி நான் எப்படி நிப்பேன்? எங்கண்ணன் குடுத்துச்சுன்னு ஊரு பூரா சொல்லி வச்சிருக்கேன். போன வச்சிடறேன். அடுப்புல கொழம்பு கெடக்கு."

அவள் வேண்டாம் என்றாள். நான் எழுதினேன். இது ஒன்றிலாவது அவள் பேச்சைக் கேட்காதது சரிதான் என்று நினைக்கிறேன். ஆனால் உண்மை சொல்வது அவ்வளவு சுலபம் இல்லை போலிருக்கிறது. முதல் கடிதத்தைக் கல்லூரி அலுவலகம் ஏற்கவில்லை. நன்கொடைப் படிவத்தில் கோ. இளங்கோவன் என்று கையெழுத்துப் போட்டிருந்தேன். இங்கே என் அடையாள அட்டையில் அப்பா பெயர் குடும்பப் பெயராகி, நான் கோவிந்தசாமி. வேலை இடத்தில் எல்லோருக்கும் நான் மிஸ்யே, அதாவது திருவாளர் கோவிந்தசாமிதான். இரண்டும் ஒரே ஆள் என்று சான்று வேண்டும் என்று எழுத்தர் மின்னஞ்சல் அனுப்பினார். அரைநாள் லீவு போட்டு, புகைப்படம் எடுத்து, இந்தியத் தூதரகத்தில் வரிசையில் நின்று, ஒரே நபர் என்று சான்று வாங்கினேன். பொய் எழுதியவனும் உண்மை எழுதுகிறவனும் ஒரே ஆள்தான் என்று முத்திரை குத்திக் கொடுத்தார்கள்.

பதிவேட்டில் 'இயக்கியவர் தவறு' என்பதை அடித்து 'பொருளில் முன்பே இருந்த கோளாறு' என்று திருத்தினார்களாம். மாப்பிள்ளைதான் போனில் சொன்னார். "மச்சான், முதல்வர் ஒங்க லெட்டர ரெண்டு தடவ படிச்சாராம். அடுத்த கமிட்டிக்கு இஞ்சின் ஓடுனா இவ பேரத் திரும்ப வைக்கிறேன்னுட்டாராம்." மலரு எங்கே என்று கேட்டேன். "கொல்லையில துணி காயப்போடுறா" என்றார். அடுத்த ஞாயிறும் கொல்லையில்தான் இருந்தாள். அதற்கு அடுத்த ஞாயிறும்.

6

புதுக் கட்டுப்பாட்டுப் பெட்டி வாங்கி, மாப்பிள்ளையிடம் சொன்னேன். கடையிலிருந்து வந்த அட்டைப்பெட்டியைப் பிரிக்கவே இல்லை. அப்படியே அனுப்பிவிடலாம் என்று பார்சல் தாளெல்லாம் எடுத்து வைத்திருந்தேன். அவள் போனை வைத்து ஐந்து வாரம் கழித்து அன்றைக்குத்தான் மலரு கூப்பிட்டாள். குரலில் கோபம் இல்லை, குசலமும் இல்லை.

"பெட்டி வாங்கிட்டியாமே."

"ஆமா மலரு, புத்தம் புதுசு. இன்னிக்கே பார்சல் போட்டுடறேன்."

"கட்டாதண்ணே. மொதல்ல ஒன் இஞ்சின்ல மாட்டி ஓட்டு. ஜில்லுனு இருக்கறப்ப இல்ல, எங்கூரு வெயில் மாதிரி சூடு பண்ணிட்டு. அஞ்சு தடவ. பிளக்க வெளிய வச்சு அதோட நெறமும் தெரியணும். வீடியோ எடுத்து அனுப்பு."

"செஞ்சுடறேன். நானே எடுத்து..."

"நீ எடுக்க வேணாம். பாப்பா எடுக்கட்டும்."

பிறந்ததிலிருந்து என் தங்கை நான் கொடுத்த எதையும் திருப்பிப் பார்த்து வாங்கியதில்லை. சின்ன வயதில் இரண்டு தடவை ஏமாந்திருக்கிறாள், அப்போதும் மூன்றாவது தடவை கையை நீட்டுவாள். இப்போது சோதித்துக் காட்டு என்கிறாள், அதையும் வேறொருத்தி கண்ணால் பார்த்துச் சொல்ல வேண்டும் என்கிறாள். லேபில் பயிற்றுநர் அப்படித்தான் கேட்க வேண்டும். தங்கை அப்படிக் கேட்டுவிட்டாள் என்பதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கிளப்புக்குப் போனோம். தாரிணி தானாகவே வந்தாள், கூப்பிட வேண்டியிருக்கவில்லை. புல்லில் பனி ஈரம். கஸ்தூரியின் ஹேர் டிரையரை எக்ஸ்டென்ஷன் ஒயரில் செருகி, காரைக்கால் வெயிலைப் பெட்டிமேல் ஊதினேன். தாரிணி வெப்பமானியை வைத்துப் பார்த்து, "இன்னும் கொஞ்சம், பப்பா" என்றாள். கை சுடும் அளவு ஆனதும் போனை உயர்த்தினாள். முதலில் பிளக்கை வெளியே வைத்துக் காட்டினோம். சுருள் ஆரஞ்சிலேயே நின்றது, மங்கவில்லை. அப்புறம் மாட்டி ஓட்டினோம். பற்றியது. அணைத்தோம், மறுபடியும் ஊதினோம், மறுபடியும் பற்றியது. ஐந்து தடவையும் அவள் கை ஆடாமல் எடுத்தாள். ஐந்தாவது தடவை இஞ்சின் அடங்கியதும், கேமராவைத் தன் முகத்துக்குத் திருப்பி, தன் நொண்டித் தமிழில் பேசினாள். என் பிரெஞ்சு எவ்வளவு நொண்டியோ அவ்வளவு.

"அத்த, நான் தாரிணி. நான் பாத்தேன். இது நல்லா எரியுது. சூட்லயும் எரியுது. பொய் இல்ல."

அவளே அனுப்பினாள். என் போனிலிருந்து இல்லை, அவள் போனிலிருந்து. நாங்கள் புல்வெளி ஓரத்தில் நின்று காத்திருந்தோம். கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது, குரல் பதிவு. தாரிணி ஒலியைக் கூட்டி வைத்தாள். ஆறு மாதம் கழித்து அத்தையின் குரலைக் கேட்கிறாள்.

"சரி பாப்பா, நீ சொன்னா சரி. ஒங்கப்பாவ பார்சல் கட்டச் சொல்லு."